காங்கிரஸ் இருபது வருடம் நின்றது, யூஎன்பி ஒன்பதே வருடத்தில் சாய்ந்தது: ஏன்?

ஹட்டன் பக்கம் உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “சுதந்திரம் கிடைத்த புதிதில் இந்தியாவில் காங்கிரஸ் ஒன்றே திரும்பத் திரும்ப வென்றிருக்கிறது. எப்போதும் ஒரே கட்சி வென்றால் அது ஜனநாயகம்தானா? இங்கே இலங்கையில் யூஎன்பியும் (ஐக்கிய தேசியக் கட்சி) அப்படித்தானே தொடங்கியது, அது ஏன் நிலைக்கவில்லை? நம்மாட்களின் வாக்குரிமை போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: உண்டு. யூஎன்பியின் ஆதிக்கம் எப்படிக் கட்டப்பட்டது, எப்படி உடைந்தது என்று எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் நம்மாட்களின், அதாவது மலைநாட்டுத் தோட்டத் தமிழரின், வாக்குரிமை நடுவில் நிற்கும். ஆனால் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் அது நன்றாக விளங்கும்.

1951 ஒக்டோபரில் தொடங்கி 1952 பெப்ரவரி வரை நடந்தது இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். மக்களவையின் 489 ஆசனங்களில் காங்கிரசுக்கு 364. கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு. வாக்கு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 45. போட்டவர்களில் பாதிக்கு மேல் காங்கிரஸ் வேண்டாமென்றுதான் போட்டார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். சோஷலிஸ்ட் கட்சி நாடு முழுக்கத் தூவினாற்போலப் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கியும் 12 ஆசனம்தான் எடுத்தது. கம்யூனிஸ்டுகள் அதில் மூன்றிலொரு பங்கு வாக்கை வைத்துக்கொண்டு 16 எடுத்துவிட்டார்கள், அவர்களுடைய வாக்கு சில இடங்களில் குவிந்து கிடந்ததால். 1957இல் காங்கிரசுக்கு 371, 1962இல் 361. வாக்கு ஒருமுறைகூட ஐம்பதைத் தொடவில்லை. ஆகவே அந்த ஆதிக்கத்தில் ஒரு பங்கு தேர்தல் முறையின் உபயம்.

மீதிப் பங்கு அந்தக் கட்சிக்குள்ளேயே இருந்தது. நம்ம பக்கத்து உதாரணத்தில் சொன்னால் காங்கிரஸ் ஒரு லயம், தோட்டத்து வரிசை வீடு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூரை, ஒரே நீளம். உள்ளே பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு அடுப்பு, ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நிலச்சுவான்தாரும் உள்ளே இருந்தார், நிலச் சீர்திருத்தம் கேட்டவரும் உள்ளே இருந்தார். மதப்பற்று மிக்க புருஷோத்தம் தாஸ் டண்டன் 1950இல் கட்சித் தலைவராகவே தெரிவானார், அடுத்த வருடமே நேரு அவரை நகர்த்திவிட்டு அந்தக் கதிரையில் தானே உட்கார்ந்தார். வேறு நாட்டில் இரண்டு கட்சிகளுக்கிடையில் நடக்கவேண்டிய சண்டை அங்கே கட்சி அலுவலகத்துக்குள் நடந்தது. வெளியே இருந்த சின்னக் கட்சிகளும் உள்ளே தங்களுக்குச் சாய்வான ஆளைப் பிடித்துக் காரியம் பார்த்தன. 1964இல் ரஜனி கோத்தாரி என்ற அறிஞர் இதற்குக் காங்கிரஸ் முறைமை என்றே பெயர் வைத்தார். பரீட்சைக்கு அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுலபம். 1952இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் எடுத்தது 375இல் 152தான், பெரும்பான்மையே இல்லை. ராஜாஜியைக் கொண்டுவந்து, சில்லறைக் கட்சிகளைச் சேர்த்து ஆட்சி அமைத்தார்கள். அவர் அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திமுகவும் அதைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவில் இறங்கினார்கள். சட்டசபையில் அவர்களால் ராஜாஜியை அசைத்திருக்க முடியாது. ஆனால் அந்தச் சத்தம் காங்கிரசுக்குள் இருந்த காமராஜரின் ஆட்களுக்குக் கேட்டது. 1954இல் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார், திட்டமும் போனது. தேர்தலே வைக்காமல் ஓர் ஆட்சி மாற்றம் நடந்த மாதிரி. ஒரே கட்சி வென்றுகொண்டிருந்தும் ஜனநாயகம் மூச்சு விட்டது இப்படித்தான்.

காங்கிரசைக் கோயிலில் வைக்கச் சொல்லவில்லை. 1957இல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் முறையாக வென்று ஆட்சி அமைத்தார்கள், 1959 ஜூலையில் டெல்லி அதைக் கலைத்துப்போட்டது. அது கறைதான். ஆனாலும் 1967இல் சென்னையில் திமுக வென்றபோது காங்கிரஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். தோற்றவர்கள் வாக்காளர் இடாப்பைத் திருத்தக் கிளம்பவில்லை.

இடாப்பு என்று சொன்னேன் இல்லையா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த முதல் தேர்தலுக்கு இந்தியாவில் 17 கோடிக்கு மேற்பட்டவர்களின் பேரை எழுதவேண்டியிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு எழுத்து வாசிப்பு இல்லை. வடக்கே பல பெண்கள் தங்கள் பேரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதச் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அது செல்லாது என்றார். அப்படிப் போனது ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பேர். பெரிய இழப்பு. ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள்: பேரைச் சரியாகச் சொல்லு, எழுதிக்கொள்கிறோம் என்பதைப் பற்றியது.

சரி, இங்கே வருவோம்.

காங்கிரஸ் 1885இல் பிறந்தது. யூஎன்பி பிறந்தது 1946 செப்டம்பரில், தேர்தலுக்கு ஒரு வருடம்கூட இல்லாதபோது. பின்னால் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்க தன்னுடைய பழைய ஆட்களோடு பண்டாரநாயக்கவின் சிங்கள மகாசபையையும் முஸ்லிம் பிரமுகர்களையும் சேர்த்துக் கட்டிய கூடாரம் அது. கிராமத்தில் கிளை கிடையாது. கிராமத்தில் அதற்கு இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த குடும்பங்கள். சிறை போய்ப் போராடி வாங்கிய சுதந்திரமும் இல்லை, பேசி வாங்கியது. கூரை இருந்தது, அடுப்பு அவ்வளவாக இல்லை.

1947 தேர்தலில் 95 ஆசனங்களில் யூஎன்பி எடுத்தது 42. லங்கா சமசமாஜக் கட்சி 10, தமிழ்க் காங்கிரஸ் 7, போல்ஷெவிக் லெனினிசக் கட்சி 5, கம்யூனிஸ்டுகள் 3, சுயேச்சைகள் 21. அப்புறம் நம்மாட்கள். 1939இல் நேரு இங்கே வந்தபோது உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டில் ஆறேழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. இது திடீரென்று வந்ததும் இல்லை. 1931லேயே உங்கள் ஹட்டன் தொகுதி பெரி. சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது, அவர் அமைச்சராகவும் இருந்தார். 1947இல் இந்தியன் காங்கிரஸ் நிற்காத தொகுதிகளில் தோட்டத்து வாக்கு பெரும்பாலும் இடதுசாரிக்குப் போனது. அடுத்த வருடமே இதற்கு என்ன விலை வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

42ஐ வைத்துக்கொண்டு ஆதிக்கம் என்று சொல்ல முடியுமா? யூஎன்பி அல்லாத எல்லோரும் கொழும்பில் யமுனா என்ற வீட்டில் கூடி, நாமே ஆட்சி அமைக்கலாமா என்று பேசியும் பார்த்தார்கள். இடதுசாரிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதில் அது கலைந்தது. சேனநாயக்க ஆறு நியமன உறுப்பினர்களையும் சுயேச்சைகளையும் சேர்த்துத் தப்பித்தார். அந்தப் பயம் அவர்களுக்குப் போகவில்லை என்பது என் எண்ணம். காங்கிரஸ் பலமாக இருந்ததால் பொறுமையாக இருக்க முடிந்தது. யூஎன்பியின் பலம் மெல்லிசு, அதனால் கத்தரிக்கோலை எடுத்தது.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தால் போதாது, அப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது அப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டவேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? 1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்களுக்கென்று 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது: விண்ணப்பம் போடு, பார்க்கிறோம். அதே வருடம் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தம் வந்தது: பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை. மூன்றும் மூன்று தனித்தனிச் சட்டம். சேர்த்து வாசித்தால் ஒரே வாக்கியம்.

1949 சட்டத்துக்குத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்துகொண்டே ஆதரவு கொடுத்தார். அதே கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்து போய் அந்த வருட டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவும் காரணம். யாழ்ப்பாணத்துத் தலைவர் ஒருவரின் கை அதில் இருந்தது என்ற கசப்பு நம்ம பெரியவர்களிடம் கடைசிவரை இருந்தது. வழக்குப் போட்டும் பார்த்தார்கள். யாப்பின் 29ஆம் பிரிவு ஓர் இனத்துக்கு எதிராகச் சட்டம் செய்யக்கூடாது என்கிறதே என்று லண்டனில் இருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில்வரை போனார்கள். சட்டம் எந்த இனத்தையும் பேர் சொல்லிக் குறிக்கவில்லை, பிரஜை யாரென்றுதான் சொல்கிறது என்ற மாதிரியான நியாயத்தில் 1953இல் அதுவும் தோற்றது. 1952இல் தொண்டமானின் தலைமையில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. ஒன்றும் அசையவில்லை.

பாடப்புத்தகம் அதிகம் பேசாத ஒரு கணக்கும் உண்டு. மாகாணத்தில் உள்ள ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஒரு தொகுதி, ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஒரு தொகுதி என்பது விதி. 75,000 பேர் என்றால் சனத்தொகை, வாக்காளர் இல்லை. அதாவது தொகுதியைப் பிரிக்கும்போது நம்மாட்களையும் தலைதலையாக எண்ணினார்கள், வாக்குப்பெட்டி வைக்கும்போது விரட்டினார்கள். ஆகவே மலைநாட்டில் தொகுதி குறையவில்லை. நம்மாட்கள் நிரம்பிய தொகுதிகளில் மீதியிருந்த கொஞ்சப் பேரின் வாக்கு பல மடங்கு கனத்தது. 1959இல் தொகுதிகளை மறுபடி பிரித்தபோதும் இதே கணக்குத்தான். வெறும் இனவெறி என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் இந்தச் சாமர்த்தியம் கண்ணுக்குப் படாது. தோட்டத்து வாக்கு இடதுசாரிக்குப் போகாமல் தடுத்தார்கள், அதே கையால் கண்டிச் சிங்களக் கிராமத்துக்கு ஆசனமும் கூட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருந்தது. மூலையெல்லாம் துரு, மேலே மங்கிப்போன ரோஜாப்பூப் படம். தாத்தா 1951இல் போட்ட விண்ணப்பத்தின் நகல், கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்த செக்ரோல் (வேலையாள் பதிவேடு) சாட்சி, கோயில் கணக்கில் அவர் பேர் இருக்கிற ஒரு துண்டு எல்லாம் அதில் கிடந்தன. கல்யாணமானவர் 1946க்கு முன்னால் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இங்கே விடாமல் இருந்ததாகக் காட்டவேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும். தாத்தா தங்கச்சி கல்யாணத்துக்காகத் திருச்சிப் பக்கம் போய், அம்மை கண்டு படுத்து, பதினாலு மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறார். அந்த இரண்டு மாதம்தான். ஒரு அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், கேட்டார்கள், அவரும் உள்ளதைச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அப்பாயி அதைப் பெருமையாகச் சொல்லுவார், கொஞ்சம் கோபமாகவும் சொல்லுவார்.

அவர் மாதிரி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. அந்தச் சட்டத்தின் கீழ்க் கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மீதிப் பேர் நாடற்றவர்கள். பஸ்ஸில் கள்ளத்தோணி என்ற ஏச்சைக் கேட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வந்தவர்கள். 1952 முதல் 1977 வரை மலையகத் தமிழர் ஒருவரும் வாக்கால் பாராளுமன்றம் போகவில்லை. தொண்டமான் 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகத்தான் போனார்.

வெட்டினது பலித்ததா? கொஞ்ச நாளைக்குப் பலித்தது. 1952 மார்ச்சில் டி.எஸ். குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், மகன் டட்லி வந்தார், மே மாதத் தேர்தலில் 54 ஆசனம். முழுப் பெரும்பான்மை. அங்கிள் நெஃப்யூ பார்ட்டி என்று கட்சியின் ஆங்கில முதலெழுத்துகளை வைத்துக் கொழும்பில் கேலி பண்ணினார்கள். 1953இல் கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்குப் போனது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால். டட்லி விலகினார், உறவுக்காரரான சேர் ஜோன் கொத்தலாவல வந்தார். 1956 ஏப்ரலில் அந்தக் கட்சி எட்டே எட்டு ஆசனத்துக்கு வந்துவிட்டது. பண்டாரநாயக்கவின் கூட்டணிக்கு 51.

அரிசியும் சேர் ஜோனின் வாயும் காரணம்தான். ஆனால் பண்டாரநாயக்க 1951இல் யூஎன்பியை விட்டுப் போனதை இங்கே கவனியுங்கள். அதே வருடம் இந்தியாவில் ஆச்சார்ய கிருபளானியும் காங்கிரசை விட்டுப் போனார், காங்கிரசுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மொழி, ஒரு சாதி, ஒரு மதத்தை மட்டும் பிடித்து டெல்லியைப் பிடிக்க அங்கே முடியாது. ஹிந்தி பேசுகிறவர்களே பாதிக்குக் குறைவு. இங்கே நூற்றுக்கு எழுபது பேர் சிங்களவர், நம்மாட்களை வெட்டியபிறகு வாக்காளரில் அந்தப் பங்கு இன்னும் ஏறிவிட்டது. வெல்ல வேண்டுமென்றால் சிங்களக் கிராமம் போதும் என்ற நிலையை உண்டாக்கியது யார்? யூஎன்பியேதான். போதும் என்றான பிறகு, அந்தக் கிராமத்தில் யார் உரக்கப் பேசுகிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி. பண்டாரநாயக்க தனிச்சிங்களம், அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, என்றார். யூஎன்பி 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் அவசரமாக அதே பாட்டுக்கு மாறியது. ஒருவரும் நம்பவில்லை. 1947இல் இருந்தமாதிரி தோட்டத்து மக்களின் வாக்கும் களத்தில் இருந்திருந்தால் எந்தக் கட்சிக்கும் அப்படி ஒரே பக்கம் ஓட மனம் வந்திருக்காது. தன்னைத் தாங்க வேண்டிய கட்டையைத் தானே வெட்டி அடுப்பில் வைத்த கதை இது.

இங்கே ஒருவர் எதிர்வாதம் வைக்கலாம்: நேருவும் எல்லோரையும் இந்தியப் பிரஜையாக ஏற்றுக்கொள்ளவில்லையே, கண்டிச் சிங்களவருக்கு நிலம் போன வருத்தம் உண்மைதானே என்று. இரண்டும் உண்மை. கோப்பித் தோட்டம் வந்த காலத்திலிருந்து அந்தக் கிராமங்களைத் தோட்டங்கள் நெருக்கியது பொய்யில்லை. ஆனால் நிலத்தை எடுத்தது வெள்ளைக்காரக் கம்பனி. அதன் கணக்கை எங்கள் தாத்தாவிடம் தீர்த்தார்கள்.

அப்புறம் நடந்தது நீங்கள் படித்ததுதான். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் நீலகிரிக்குப் போனது. தலைமன்னாருக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டு வந்த நாளில் எங்கள் லயத்தில் யாரும் சமைக்கவில்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூஎன்பிக்கு இரண்டாவது ஆதிக்கக் காலம் ஒன்று உண்டு, முதலாவதைவிடப் பயங்கரமானது. 1977இல் 168க்கு 140 ஆசனம். 1982இல் பொதுத் தேர்தலே வைக்காமல், சர்வஜன வாக்கெடுப்பை வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார் அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன. இந்திய காங்கிரசும் 1975இல் அவசரநிலை போட்டு இதே வழியில் கொஞ்சத் தூரம் போய்வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டாவது ஆதிக்கத்தில்தான் தொண்டமான் அமைச்சரானார், பிரஜாவுரிமையும் வந்தது.

மனம் மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். கணக்கு மாறிவிட்டது. ஜனாதிபதித் தேர்தல் வந்தபிறகு முழு நாடும் ஒரே தொகுதி. தலவாக்கலையில் விழுகிற வாக்கும் மாத்தறையில் விழுகிற வாக்கும் ஒரே எடை, யாரையும் வெட்டி ஆசனம் கூட்ட வழியில்லை. நம்மாட்களைச் சேர்த்துக்கொண்டால்தான் லாபம். தோட்டத்தில் 1986 ஜனவரியில் பிரார்த்தனை என்ற பேரில் வேலையை நிறுத்திக் காட்டியபோது அரசாங்கம் இறங்கி வந்ததற்கு இதுவும் சேர்ந்துகொண்டது. 1988இல் மீதி நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அந்த டிசம்பரில் யூஎன்பியின் பிரேமதாச 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டி ஜனாதிபதியானார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தச் சட்டத்தில் பழைய மாதிரி ஏழு வருடம், பத்து வருடம் என்று காட்டத் தேவையில்லை. ஒரு சத்தியக் கடதாசி போதும். எங்கள் அம்மா அப்படித்தான் எடுத்தார். பெட்டியிலிருந்த தாத்தாவின் தாள்களையெல்லாம் ஒரு துணியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார், எதையாவது கேட்பார்கள் என்று. யாரும் எதையும் கேட்கவில்லை. கட்டைப் பிரிக்காமலேயே திரும்பக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். முதல்முறை வாக்குப் போடப் போனபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. காலையில் கொழுந்துக்குப் போகிற நேரத்துக்கே எழும்பி, நல்ல சேலை உடுத்தி, மை வைத்த விரலை அன்றைக்கு முழுக்கத் தண்ணீரில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.